"பூனைதான, அதுபாட்டுக்கு இருக்கும்"

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு தட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் மாமா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில ஒரு சின்ன யூனிட்ல வேலை பார்க்கிறார். அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கேரியர்னு அந்த ஊர்ச் சூளையில வெந்த பொருள் ஏதாவது ஒண்ணு உங்க வீட்லயும் இருக்க வாய்ப்பு உண்டு. போன மாசம் அவர் எனக்கு ஒரு வெள்ளைத் தட்டு கொடுத்து அனுப்பினார். நடுவுல குட்டியா ஒரு கால் தடம். நாலு விரல், ஒரு பாதம், தெளிவா பதிஞ்சிருக்கு. அச்சுல இருந்து எடுத்து ஈரம் காய வச்சிருந்த தட்டு மேல ஒரு பூனைக்குட்டி நடந்திருக்கு. யாரும் கவனிக்கல. தட்டு சூளைக்குள்ள போய், வெந்து, அந்தத் தடத்தோடவே கல்லு மாதிரி ஆயிடுச்சு.

தட்டுக்குப் பின்னாடியே மாமாவோட போனும் வந்துச்சு. "மாப்ள, அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரன் இங்கதான் பேக்கிங் வைக்கோல்ல சுத்திட்டு இருக்கான். நீ தனியாதான இருக்க, எடுத்துட்டுப் போயேன். பூனைதான, அதுபாட்டுக்கு இருக்கும்."

அதுபாட்டுக்கு இருக்கும். நம்ம ஊர்ல பூனையைப் பத்திப் பேசுற எல்லாரும் சொல்ற வார்த்தை இது. இது எங்கிருந்து வந்துச்சு, எத்தனை வருஷம் உண்மையா இருந்துச்சு, எப்ப பொய்யாச்சு, இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ஏன்னா நான் ஒருதடவை இதை நம்பி ஒரு தப்பு பண்ணியிருக்கேன்.

பிங்

2020. வேலைக்குச் சேர்ந்த புதுசு, முழுக்க வீட்டுல இருந்தே வேலை. சென்னையில நான் இருந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஒரு பைக் சீட்டுக்கு அடியில ஒரு குட்டி கத்திட்டே இருந்துச்சு. தூக்கிட்டு வந்துட்டேன். பதில் வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்ததால பிங்னு பேர் வச்சேன். ரெண்டு வருஷம் என் கீபோர்டுக்குப் பக்கத்துலயே வளர்ந்துச்சு. வீட்டுக் கதவைத் தாண்டி ஒருநாளும் போனதில்ல.

2022-ல ஆபீஸ் திறந்தாங்க. வேற ஏரியாவுக்கு மாறணும். புது வீட்டு ஓனர், வளர்ப்புப் பிராணி கூடாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டார். நான் பெருசா யோசிக்கல. ஒரு பிளாஸ்டிக் கூடையில பிங்கைப் போட்டு, பஸ் ஏறி, மங்களூர்ல எங்க ஆயா வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். மங்களூர்னா கடலும் மீன்குழம்பும் இருக்குற கர்நாடக மங்களூர் இல்ல. இது விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடி பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் விளையுற மங்களூர். பெரிய தோட்டம், எலிக்குப் பஞ்சமில்ல, பூனைக்குச் சொர்க்கம்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

முதல் ராத்திரி பூரா பிங் கட்டிலுக்கு அடியை விட்டு வெளிய வரல. ரெண்டாம் நாள் நான் சென்னைக்குக் கிளம்பிட்டேன். அஞ்சாம் நாள் ஆயா போன்ல சொன்னாங்க: "ரெண்டு நாளா காணோம் ராசா. எங்கனா போயிருக்கும், வந்துரும்." வரல. தெருவுல நாலஞ்சு நாய் உண்டு. பிங் அதுக்கு முன்னாடி நாயையே பார்த்ததில்ல. அது எலி பிடிச்சும் நான் பார்த்ததில்ல.

இதை நான் இந்த ஷோவுல இதுக்கு முன்னாடி சொன்னதில்ல.

ஒரு செங்கல், ஒரு தீவு

சரி, வரலாற்றுக்கு வருவோம். என் தட்டுக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. இன்னைக்குப் பாகிஸ்தானோட சிந்து மாகாணத்துல இருக்குற சான்ஹுதாரோ ஒரு சிந்துவெளி நகரம். 1935-36-ல எர்னஸ்ட் மெக்கே அங்க அகழாய்வு பண்ணினப்போ ஒரு செங்கல் கிடைச்சுது. காயறதுக்கு முன்னாடி அதுமேல ஒரு பூனை ஓடியிருக்கு, பின்னாடியே ஒரு நாயும் ஓடியிருக்கு. ரெண்டு தடமும் நாலாயிரம் வருஷத்துக்கு மேல அப்படியே இருக்கு. அது வளர்ப்புப் பூனையா காட்டுப் பூனையான்னு தடத்தை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா செங்கல் அறுக்குற இடத்துல, மனுஷங்க வேலை செய்யுற இடத்துல, அது நடமாடியிருக்கு.

அதைவிடப் பழசு ஒண்ணு சைப்ரஸ் தீவுல இருக்கு. 2004-ல பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. சுமார் 9,500 வருஷத்துக்கு முன்னாடி புதைச்ச ஒரு மனுஷன், அவர்கிட்ட இருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி எட்டு மாசம் வயசுள்ள ஒரு பூனை. சைப்ரஸ்ல இயற்கையா பூனை இனமே கிடையாது. அப்போ யாரோ படகுல ஏத்திக் கொண்டு வந்திருக்கணும்.

பூனை ஏன் மனுஷன்கிட்ட வந்துச்சு? ஆடு மாடு மாதிரி நாம பிடிச்சுக் கட்டல. மேற்காசியாவுல மனுஷன் தானியம் விதைச்சான், சேர்த்து வச்சான். தானியத்துக்கு எலி வந்துச்சு, எலிக்குப் பூனை வந்துச்சு. கெடுதல் பண்ணாததால யாரும் விரட்டல. சீனாவுல சுவான்ஹுசுன்னு ஒரு பழைய ஊர்ல கிடைச்ச 5,300 வருஷத்துப் பூனை எலும்புகளும் இதே கதையைச் சொல்லுது. தினை தின்ன சின்னப் பிராணிகளை அந்தப் பூனைகள் தின்னிருக்குன்னு எலும்போட வேதியியல்ல இருந்தே கண்டுபிடிச்சாங்க. பிறகு இன்னும் நுணுக்கமா பார்த்தப்போ, அது நம்ம வீட்டுப் பூனை இனமே இல்ல, சிறுத்தைப் பூனைன்னு தெரிஞ்சுது. அந்த இனமும் தானியத்துக்குப் பின்னாடி ஊருக்குள்ள வந்திருக்கு. ஆனா கடைசி வரைக்கும் வீட்டுப் பூனையா மாறல, காட்டுப் பிராணியாவே இருந்துடுச்சு.

அதாவது கதவு ரெண்டு பக்கமும் திறந்தே இருந்துச்சு. வர்றதும் போறதும் பூனையோட இஷ்டம்.

நம்ம ஊர்ப் பக்கம்

இதே காட்சி தமிழ்லயும் இருக்கு. குறுந்தொகையோட 107-ஆவது பாட்டுல ஒரு பொண்ணு சேவலைத் திட்டுறா. கணவனோட தூங்கிட்டு இருந்தவளை விடியல்ல கூவி எழுப்பிடுச்சாம். நீ வெருகுக்குட்டிக்கு இரையாப் போகணும்னு சாபம் விடுறா. வெருகுன்னா காட்டுப்பூனை. அது என்ன பண்ணிட்டு இருக்காம்? நடுராத்திரியில வீட்டு எலியைப் பார்த்துட்டு இருக்காம்.

எனக்கு இந்த இடத்துல நிக்கணும்னு தோணும். காட்டுப்பூனைதான், ஆனா பார்க்குறது வீட்டு எலியை. காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்குற ஒரு பிராணியை அந்தக் கவிஞர் அவ்ளோ சரியா பார்த்திருக்கார். தொல்காப்பிய மரபியலும் வெருகைப் 'பூசை'ன்னு சொல்றதை ஏத்துக்குது. 'பூனைக்குட்டி'ல இருக்குற அந்தக் 'குட்டி'ங்கிற சொல் எதெதுக்கு உரியதுன்னும் ஒரு நூற்பா சொல்லுது. கீரி, வெருகு, எலி, அணில். வேட்டையாடுறதும் வேட்டையாடப்படுறதும் ஒரே வரிசையில.

மாமல்லபுரம் போயிருப்பீங்க. அர்ச்சுனன் தபசுன்னு சொல்ற அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துல, யானைக்குப் பக்கத்துல, ஒரு பூனை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணுது. காலடியில எலிகள். மகாபாரதத்துல வர்ற போலிச் சாமியார்ப் பூனை கதைதான் அதுன்னு சொல்லுவாங்க. பல்லவர் காலச் சிற்பிக்குக்கூட பூனையைச் செதுக்கினா பக்கத்துல எலியைச் செதுக்காம இருக்க முடியல. இன்ஸ்டாகிராம்ல நாம பார்க்குற பூனைக்குப் பக்கத்துல எலி இருக்காது. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

கம்பர் தன்னை அடக்கமா அறிமுகம் பண்ணிக்கிறப்போ, பாற்கடலையே நக்கிக் குடிச்சிடலாம்னு போன பூனைன்னு தன்னைச் சொல்லிக்கிறார். பூனைன்னா பால்ங்கிற நினைப்பு அவ்ளோ பழசு. ஆனா வளர்ந்த பூனைகள்ல பலதுக்குப் பால் செரிக்காது, வயித்தால போகும். அது ஆசைப்படுறதும் அதுக்குத் தேவைப்படுறதும் ஒண்ணு இல்ல.

ஆயா வீட்டு ஒப்பந்தம்

நான் சின்ன வயசுல பார்த்த மங்களூர்ப் பூனைகளுக்குப் பேர் கிடையாது. மக்காச்சோள மூட்டை அடுக்குனதும் வரும். ஆயா மத்தியானம் ஒரு கை தயிர்சாதம், எப்பவாவது கருவாட்டுத் தலை, ஓட்டுச் சில்லுல போடுவாங்க. யாரும் அதைத் தூக்கிக் கொஞ்சினதில்ல. யாரும் அடிச்சதும் இல்ல. தயிர்சாதம் தின்னே அந்தப் பூனைங்க கொழுகொழுன்னு இருந்துச்சு.

நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்ஜினியருங்க கவனிங்க. அந்த சிஸ்டத்துல டாக்குமென்ட் பண்ணாத ஒரு டிபென்டன்சி இருந்துச்சு. எலி.

டாரின்னு ஒரு சத்து. நம்ம உடம்பு அதைத் தானே தயாரிச்சுக்கும். பூனை உடம்பால போதுமான அளவு தயாரிக்க முடியாது, மாமிசத்துல இருந்துதான் வரணும். அது குறைஞ்சா பார்வை போகும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். 1987-ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள்தான் இதயநோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுவும் எப்படி? கடையில விக்கிற பூனை உணவு சாப்பிட்ட பூனைகளுக்கே அந்த நோய் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் கலவையை மாத்தினாங்க. எலி உடம்புல டாரின் நிறைய இருக்கு. ஆயாவோட தயிர்சாதம் வெறும் சைடு டிஷ்தான். மெயின் மீல் மூட்டைக்குப் பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு.

அந்தப் பூனைகளும் எல்லாம் பிழைக்கல. ஒரு ஈத்துல நாலு குட்டி பிறந்தா அடுத்த மழைக்கு ஒண்ணு இருந்தாலே பெருசு. நாய், ரோடு, நோய். 'அதுபாட்டுக்கு இருக்கும்'னு சொன்னவங்க, இல்லாமப் போனதைக் கணக்கு வைக்கல. இருந்தும் அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. பூனைக்கு வெளியே போக வழி இருந்துச்சு, தாய்ப்பூனை உயிரோட இரை கொண்டு வந்து குட்டிக்குப் பிடிக்கக் கத்துக்குடுத்துச்சு.

கதவு மூடின வருஷம்

அப்போ பூனை எப்ப முழுசா வீட்டுக்குள்ள வந்துச்சு? எனக்குப் பிடிச்ச பதில்: களிமண்ணால. 1947. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல எட்வர்ட் லோன்னு ஒருத்தர், தொழிற்சாலைத் தரையில சிந்துற எண்ணெயை உறிஞ்சுற பொருட்களை வித்துட்டு இருந்தார். பனிக்காலத்துல பக்கத்து வீட்டு அம்மா, பூனைப் பெட்டிக்குக் கொஞ்சம் மணல் கிடைக்குமான்னு கேட்டாங்க. அவர் ஒருவகைக் களிமண் துகளைக் கொடுத்தார். நீங்க முகத்துக்குப் போடுற முல்தானி மட்டி வகைதான். ஈரத்தையும் நாத்தத்தையும் அது நல்லா உறிஞ்சுச்சு. 'கிட்டி லிட்டர்'னு பேர் போட்டு விக்க ஆரம்பிச்சார்.

அதுவரைக்கும் பெரும்பாலும் மண்ணுக்காகவாவது பூனை வெளியே போகும். அந்தக் களிமண் வந்தப்புறம் பத்தாவது மாடியிலயும் பூனை வளர்க்கலாம்னு ஆச்சு. மனுஷனோட பூனை வாழ்ந்த பத்தாயிரம் வருஷத்துல, கதவு மூடின பிளாட்ல பூனை வளர்க்குற பழக்கம் பரவினது கடைசி எண்பது வருஷத்துக்குள்ளதான்.

நான் கதவைத் திறந்து விடுங்கன்னு சொல்லல. சென்னை ரோட்டுக்கும் தெருநாய்க்கும் நடுவுல பூனையை உள்ள வச்சுக்கிறதுதான் நல்லது. ஆனா கதவை மூடினது நாம. அப்போ எலி, மண், மரம், தாய்ப்பூனை, தப்பிச்சு ஓடுற வழி, இது எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதும் நாமதான்.

எடுக்கறதுக்கு முன்னாடி

அன்பு இருந்தா போதாதான்னு கேப்பீங்க. பூனையை எகிப்தியர் அளவுக்குக் கொண்டாடினவங்க இல்ல. ஆனா அங்க கோயில் காணிக்கைக்காகவே பூனைகளை வளர்த்து, சின்ன வயசுலயே கழுத்தை முறிச்சு மம்மி ஆக்கியிருக்காங்க. எக்ஸ்ரேயில அது தெரியுது. 1890-ல சுமார் 1,80,000 பூனை மம்மிகள் கப்பல்ல லிவர்பூலுக்குப் போய் வயல் உரமாச்சு. கொண்டாடுறது வேற, பார்த்துக்கிறது வேற.

பார்த்துக்கிறதுக்கு நம்மகிட்டயே ஒரு நல்ல உவமை இருக்கு. வைணவத்துல தென்கலை, வடகலை விவாதத்துல ரெண்டு நியாயம் சொல்வாங்க. குரங்குக்குட்டி தாயைத் தானே பிடிச்சுக்கும், அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒண்ணும் பண்ணாது, தாய்தான் வாயால கவ்வித் தூக்கிட்டுப் போகும், அது மார்ஜார நியாயம். அதைக் குட்டியோட சரணாகதிக்கு உதாரணமா சொல்வாங்க. நான் தாய்ப்பூனை பக்கம் நின்னு பார்க்கிறேன். மொத்தப் பொறுப்பும் அந்த வாயிலதான் இருக்கு. பிளாட்டுக்குள்ள குட்டியைக் கொண்டு வந்தா அந்த இடம் நமக்கு வந்துடுது.

அதனால சில கேள்விகள். பிங்கை எடுக்கும்போது நான் கேக்காதது.

முதல்ல காலம். வீட்டுக்குள்ள நல்லா வளர்ற பூனை 15 வருஷம் இருக்கலாம். உங்க அடுத்த ரெண்டு கம்பெனி, ஒரு கல்யாணம், ஒருவேளை ஆன்சைட், இது எல்லாத்தையும் தாண்டி அது உங்ககூட இருக்கும். வாடகை வீடா இருந்தா ஓனர் சம்மதத்தைக் குட்டி வர்றதுக்கு முன்னாடி வாங்குங்க.

வயசு. குட்டியைக் குறைஞ்சது எட்டு வாரம் தாய்கிட்ட விடணும், பன்னிரண்டு வாரம்னா இன்னும் நல்லது. ரெண்டாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரம் வரைக்கும் மனுஷக் கை பழகின குட்டிதான் பின்னாடி பயமில்லாம இருக்கும். குட்டிதான் வேணும்னும் இல்ல. குணம் தெரிஞ்ச பெரிய பூனையை எடுக்கிறது பல பேருக்கு இன்னும் சரியா வரும்.

சாப்பாடு. உங்க வீடு சைவம்னா இப்பவே யோசிங்க. பூனை சைவம் ஆகாது.

பால்கனியும் ஜன்னலும். நியூயார்க்ல ஒரே ஆஸ்பத்திரிக்கு அஞ்சு மாசத்துல, மாடியில இருந்து விழுந்த 132 பூனைகள் வந்ததா 1987-ல ஒரு ஆய்வு வந்துச்சு. பூனை காலை ஊன்றி விழும், ஆனாலும் விழும். வலை முதல்ல, குட்டி அப்புறம்.

மருத்துவம். தடுப்பூசி, அதுல வெறிநோய் ஊசியும் சேர்த்து. பெண் பூனை நாலஞ்சு மாசத்துலயே சினை ஆகலாம், ஒன்பது வாரத்துல குட்டி போடும். கருத்தடை ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. நமக்குப் போடுற பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்னுடும். லில்லிப் பூவும் அப்படித்தான்.

அப்புறம் எலி. எலிக்குப் பதிலா என்ன கொடுக்கப் போறீங்க? கயிறோ, இறகு கட்டின குச்சியோ எடுத்து, தினமும் ரெண்டு வேளை நீங்க உட்கார்ந்து விளையாடணும். பத்து மணி நேரம் வீடு பூட்டியிருக்கும்னா, ஒரே ஈத்துல ரெண்டு குட்டியா எடுக்க முடியுமான்னு பாருங்க.

கடைசி கேள்விதான் எனக்கு முக்கியம். வச்சுக்க முடியாத நாள் வந்தா? அப்போ ஒரு இடத்தைத் தேடாதீங்க, ஒரு ஆளைத் தேடுங்க. நான் இடத்தைத் தேடினேன். தோட்டம், எலி, கிராமம்னு எல்லாம் சரியா இருந்துச்சு. பிங்கைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட அங்க இல்ல.

மாமாவுக்கு என்ன சொன்னேன்

உடனே சரின்னு சொல்லல. தாய்ப்பூனைக்கு ஆபரேஷன் பண்ணணும், செலவு என்னுது, அதைக் குட்டி வந்தாலும் வராட்டியும் பண்ணிடுவோம்னு சொன்னேன். குட்டி பன்னிரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும், தினமும் கொஞ்ச நேரம் கையில வச்சுப் பழக்குங்கன்னு சொன்னேன். மாமா சிரிச்சார். "என்னா மாப்ள, பொண்ணு எடுக்குற மாதிரி பேசுற" அப்படின்னார். ஆனா மறுநாள் விருத்தாசலத்துல கால்நடை டாக்டரை விசாரிச்சுட்டுத்தான் போன் பண்ணினார்.

வலைக்கு அளவு எடுத்தாச்சு. இப்போ இருக்குற வீட்டு ஓனருக்கு மெசேஜ் போட்டிருக்கேன், ரெண்டு நீல டிக் வந்திருக்கு, பதில் இன்னும் வரல. அவர் முடியாதுன்னு சொன்னா நான் எடுக்கப் போறதில்ல. அந்தக் குட்டி யூனிட்லயே இருக்கும். அங்க வைக்கோல் இருக்கு, எலி இருக்கு, அதோட அம்மா இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிட மாமாவும் இருக்கார்.

தட்டு மேஜை மேல இருக்கு. வீட்டுச் சாவியை அதுலதான் போட்டு வைக்கிறேன்.